தையல்சட்டத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த மகனுக்கு

தம்பி,

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கும் என்று படிக்காமலே தெரியும் என்று நினைப்பாய். அனுசரித்துப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அதெல்லாம் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். முதலில் எழுத வேண்டியது வேறு. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் மேல் பொறாமை. இதை வாயால் சொன்னால் அப்பா சிரிப்பார், நீ "என்னம்மா நீங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஜெசிந்தாவும் படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும்.

அது எனக்கே தெரிந்தது ஒரு படத்தைப் பார்த்தபோதுதான். நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் ஜெசிந்தா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பைராம் தோட்டத்தில் அவர்கள் வீட்டு முன்னறை. தரையில் புத்தம்புதிய தையல்சட்டம் ஒன்று. அதன் ஒரு பக்கம் நீ. ஒரு காலை மடக்கி, மறு காலால் மரத்தை அழுத்திக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி, இரண்டு கையாலும் கயிற்றை இழுக்கிறாய். கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஆன்ட்டி, உங்க மகன் நல்லா இழுக்கிறாருலா!" பக்கத்தில் சிரிக்கிற முகம் வேறு. நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு மீன் குழம்பு அடிப்பிடித்தது. கவனம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் கவனம் முழுவதும் அந்த நாக்கின் மேல்தான் இருந்தது. துணி இழுக்கும்போது மட்டும் வெளியே வரும் அந்த நாக்கை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

உன் பிள்ளைகள் யாராவது பின்னால் இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுதுகிறேன். துணியில் பூவேலை செய்ய வேண்டும் என்றால் துணி தொங்கக் கூடாது, நழுவக் கூடாது. சின்ன வேலைக்கு வளையம் போதும். ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு மூங்கில் வளையங்கள், நடுவில் துணி, வெளி வளையத்தில் இறுக்குவதற்கு ஒரு திருகு. மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில்கூடத் தைக்கலாம். பிளவுஸ், கோயில் பீடத்து விரிப்பு மாதிரியான பெரிய வேலைக்குச் சட்டம் வேண்டும். நீளமாக இரண்டு மரம், குறுக்கே இரண்டு மரம். துணியின் இரண்டு ஓரங்களை நீள மரங்களில் அடித்திருக்கும் பட்டையோடு சேர்த்துத் தைத்து, குறுக்கு மரங்களில் ஆணி செருகி அகட்டி வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு ஓரங்களையும் கயிறு கோத்துக் குறுக்கு மரத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். அங்கேதான் இரண்டாவது ஆள் தேவை. ஒரு பக்கம் நான் இழுக்கும்போது எதிர்ப்பக்கம் ஒருவர் சரிக்குச் சரியாக இழுக்கவில்லை என்றால் துணி கோணிக்கொள்ளும். தனியாகவும் கட்டலாம், கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கட்டியதில்லை. எனக்கு நீ இருந்தாய்.

லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு நான் பிளவுஸ் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் படித்தாய். அப்போது உனக்கு வாய் அதிகம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, ரொம்ப டைட்டா இருக்கு" என்பாய். "உனக்கென்னடா தெரியும், இழு" என்பேன். ஒவ்வொரு தடவையும் நீ போதும் என்பதும் நான் இழு என்பதும் நம் வீட்டில் வழக்கமான சண்டை. எப்போது என்று நினைவில்லை, நீ அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாய். பிள்ளைக்குக் கை பழகிவிட்டது, இறுக்கம் என்றால் என்ன என்று புரிந்துவிட்டது என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். நீ வளர்ந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த இடம் உன்னுடையதாகவே இருந்தது. கீழே உன் கூட்டாளிகள் கெரெத்தாவை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். நீ ஜன்னலில் தலையை நீட்டி, "இருங்கலா, அம்மாவுக்குத் துணி கட்டிட்டு வரேன்" என்று கத்துவாய். அதைக் கேட்பதற்காகவே அவசரமில்லாத துணியைக்கூடச் சில நாள் கட்டச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் இது உனக்குத் தெரிகிறது. தெரிந்துகொள்.

இழுத்துக் கட்டி முடித்ததும் நான் துணியை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். டொப்பென்று கேட்டால் சரி. பிறகு உனக்கும் எனக்கும் டீ போட அடுப்படிக்குப் போவேன். திரும்பி வந்து குடித்து முடித்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். இது என் வேலைமுறை. இழுத்த துணியை ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா விட வேண்டும், அது தானாக அடங்கும், அதற்குப் பிறகு தைத்தால் சுருங்கவே சுருங்காது. இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று எனக்கு எப்போதும் ஒரு கர்வம். நான் தைத்த துணி எதுவும் சட்டத்திலிருந்து எடுத்த பிறகு சுருங்கியதில்லை. கடைக்காரர்கள் கேட்பார்கள், "எப்படிக்கா உங்க வேல மட்டும் இஸ்திரி போட்ட மாதிரியே வருது?" நான் டீ விஷயத்தைச் சொல்வேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள்.

ஜெசிந்தாவை நீ முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அவள் பையில் ஒரு வளையம் இருந்தது. கெலுகோரில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை, வார நாளில் தோழிகளோடு அறை, சனி ஞாயிறு தோட்டத்து வீடு, பேருந்தில் போகும்போது வரும்போது பூத்தையல் என்று அவளே சொன்னாள். உனக்கு ஏற்ற பெண்தான் என்று அப்பாவுக்கு அப்போதே பிடித்துவிட்டது. எனக்கு அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கேட்டு வாங்கினேன். முன்பக்கம் ஒரு செம்பருத்தி. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று வாய் சொன்னது, கை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது. தைக்கிறவர்களின் லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும், முடிச்சு முடிச்சாக இருக்கும், அப்போது மனசுக்குள் ஒரு "ம்" போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. உள் வளையத்துக்கு வெள்ளைத் துணிப்பட்டை சுற்றியிருந்தாள், துணி நழுவாமல் இருக்க. தைக்காத நேரத்தில் வளையத்தைக் கழற்றி வைத்துவிடுவாளாம், துணியில் வட்டத் தடம் விழுந்துவிடும் என்று. எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வயிற்றெரிச்சலில், "வளையம் கைக்குட்டைக்குத்தான் சரி, பெரிய வேலைக்கு ஆகாது" என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஆமா ஆன்ட்டி, சட்டம் கட்ட கத்துக்கணும்" என்றாள். நீ உடனே, "நான் சொல்லித் தரேன்" என்றாய். உன்னை யார் கேட்டது?

இப்போது நெட் விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பத்தில் பெண்ணுக்குக் கல்யாணச் சேலை எடுப்பது போலவே, தலையில் போடும் நெட்டையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுப்பது. அதன் ஓரத்துப் பூவேலையை மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் செய்ய வேண்டும். நான் வெள்ளை நூலில் மல்லிகைக் கொடி என்று முடிவு செய்து நெட் வாங்கி வந்த அன்றே ஜெசிந்தா போன் செய்தாள். "ஆன்ட்டி, ஒரு பக்கம் நான் செய்யட்டுமா? ஓரத்துல ஒரு துணிய ஒட்டுத் தையல் போட்டா வளையத்துல நிக்கும். ரெண்டு பேரும் செஞ்சா சீக்கிரம் முடியும்லா." கல்யாணப் பெண் தன் நெட்டைத் தானே தைக்கக் கூடாது என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் இல்லை. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கியது. அன்று சாயங்காலம் நீ வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, "அவ நல்லா செய்வாம்மா, குடுங்களேன்" என்றாய். நன்றாகச் செய்வாள் என்பதுதானே என் பிரச்சினையே. அது உனக்குப் புரியவில்லை.

என் கல்யாண நெட்டைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. என் மாமியார் தைத்தது. கண்ணாடி மாதிரி வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடது காதுக்குப் பக்கத்தில், சதையில் படுகிற இடத்தில், ஒரு முடிச்சு இருந்தது. பூசை முழுவதும் அது காதின் பின்னால் குத்திக்கொண்டே இருந்தது. ஃபாதர் கேட்ட கேள்விக்கு "சம்மதம்" என்று நான் சொன்னபோதுகூட என் நினைவெல்லாம் காதில்தான் இருந்தது. அவ்வளவு சுத்தமாகத் தைக்கிற மனுஷிக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் எப்படி முடிச்சு விழுந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த வருடம்தான் அதற்கு விடை கிடைத்தது. ஜெசிந்தாவின் நெட்டை விரித்து வைத்து, எந்த இடம் இடது காதுக்கு வரும் என்று என் கண் தானாக அளந்தபோது கிடைத்தது.

சட்டம் கட்ட உன்னைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து உன்னைத் தொழிற்சாலையில் ஜொகூருக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். "ஜெசிந்தாவ வரச் சொல்றேன்மா, அவளுக்கு இப்ப நல்லா கட்ட வருது" என்றாய். வேண்டாம் என்றேன். நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்து, அவள் என் எதிரில், உன் இடத்தில் வந்து உட்காருவதா? வீட்டில் ஆளா இல்லை? அப்பாவைக் கூப்பிட்டேன்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வாங்கி வரச் சொன்னால், என்ன குழம்பு, எவ்வளவு ஊற்ற, காரமா வேண்டாமா என்று அங்கே நின்று எனக்குப் போன் செய்து கேட்பார். சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்யமாட்டார். டிவியில் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஒரு கண் அதிலும் ஒரு கண் கயிற்றிலுமாக உட்கார்ந்தார். நான் இழுங்கள் என்றேன், இழுத்தார். இன்னும் என்றேன், இன்னும் இழுத்தார். ஜெசிந்தா அனுப்பிய அந்தப் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னும் என்றேன். கோல் விழுந்தபோது நான் சொல்லாமலே ஓர் இழுப்பு இழுத்தார். தட்டிப் பார்த்தேன், டொப்பென்றது. டீ போட்டேன், குடித்தோம். துணி அடங்கியிருக்கும் என்று தைக்க உட்கார்ந்தேன்.

கொடி அழகாக வந்தது. மறைக்கமாட்டேன், என் வாழ்நாளில் தைத்ததிலேயே நல்ல கொடி அதுதான். முதல் பகுதி முடிந்து சட்டத்திலிருந்து கழற்றிய அன்று மழை. கயிற்றை அவிழ்த்ததும் நெட் தன் பழைய அளவுக்குப் போனது. போகும்போது என் கொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மல்லிகையெல்லாம் கூம்பிக்கொண்டு, ஓரம் முழுவதும் அலை அலையாக, முறுக்குப் பிழிந்த மாதிரி நின்றது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஈரத்துணி போட்டு மேலே கனம் வைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. முதலில் நெட்டைத் திட்டினேன். மட்டமான நெட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டினேன். பிறகு அப்பாவைத் திட்டினேன். அவர், "நீ இழுன்ன, நான் இழுத்தேன். வேற என்ன செய்யணும்?" என்றார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நீ உட்கார்ந்தபோதும் இதே இழுப்பு, இதே டீ. ஒருதடவைகூட இப்படி ஆனதில்லை. கை போய்விட்டது என்று பயந்தேன் தம்பி. உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பிரித்தேன். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நம் குடும்பத்தில் முதல்முறையாகக் கடையில் பூவேலையோடு வாங்கிய நெட்டோடு ஒரு பெண் கோயிலுக்குள் வரப்போகிறாள், அதுவும் என் மருமகள் என்று அழுதேன்.

உனக்குப் போன் செய்து சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அப்பாதான். அடுத்த சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா மோட்டாரில் வந்து நின்றாள். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்து, நான் அலசித் துணிக்கொடியில் காயப் போட்டிருந்த நெட்டைப் பார்த்தாள். பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் இன்னும் தெரிந்தன. இப்போது ஏதாவது சொல்லுவாள், வளையத்தில் தைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பாள், அதற்குத் தயாராகப் பதிலையும் வைத்திருந்தேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, "ஆன்ட்டி, நான் அந்தப் பக்கம் உக்காரவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. உட்கார் என்றேன். அவள் ஒரு காலை மடக்கி, மறு காலால் மரத்தை அழுத்தி உட்கார்ந்தாள். உன்னைப் போலவே. நல்லவேளை, நாக்கை நீட்டவில்லை.

நான் இழுத்தேன், அவள் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில், "போதும் ஆன்ட்டி" என்றாள். "உனக்கென்னமா தெரியும், இழு" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவள் மறுபேச்சு பேசாமல் இழுத்தாள். தட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. "டீ குடிக்கிற நேரம் அப்படியே விட்டுடணும், தானா அடங்கும்" என்று அவளுக்கு ஒரு பாடமும் எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவளுக்குச் சீனி போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்கலாம் என்று திரும்பி வந்தேன்.

அவள் தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, குனிந்து நெட்டின் வலைக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுபட்டு நீளமாகிப் போயிருந்த கண்கள் தம் பழைய வடிவத்துக்கு வரும்வரை விட்டுவிட்டு, மறுபடி முடிச்சுப் போட்டாள். அதன் பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன பண்ற?"

"இல்ல ஆன்ட்டி... அவரு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"அம்மா ரொம்ப டைட்டா இழுப்பாங்க, போதும்னா கேக்கமாட்டாங்க, அவங்க டீ போடப் போனதும் நம்ம பக்கம் கொஞ்சமா விட்டுடுன்னாரு. சின்னதுலேருந்து அப்படித்தான் செய்வாராம். ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்லா."

டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

துணி தானாக அடங்கியதில்லை. ஒருநாளும் அடங்கியதில்லை. என் கைப்பக்குவம், என் கண்டுபிடிப்பு, ஊர் முழுக்க நான் சொல்லிப் பெருமைப்பட்ட டீ வித்தை எல்லாம், நான் அடுப்படியில் நிற்கும்போது நீ சத்தமில்லாமல் அவிழ்த்துக் கட்டிய ஒரு முடிச்சு. அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வெட்கமும் வந்தது. என் பிள்ளை இத்தனை காலம் என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறான் என்ற பெருமையும் வந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதலில் வந்தது பொறாமைதான். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாய். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே ரகசியம், அது எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தில் நீ அவளுக்காக இழுத்தது ஒன்றும் பெரிதில்லை. இதுதான் பெரிது.

அவளிடம் சீனி போடவா என்று கேட்டேன். கொஞ்சமா என்றாள். டீ குடித்தோம், தைக்க உட்கார்ந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். அந்தப் பகுதி முடிந்து கழற்றியபோது கொடி போட்டது போட்டபடி படுத்திருந்தது. ஓரம் நீளமாக இருப்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகக் கட்ட வேண்டும் அல்லவா, அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் என் பழைய இழுப்பு இழுத்தேன். அவள் ஒரு தடவை போதும் என்றாள், நான் இழு என்றேன். பிறகு எழுந்து டீ போடப் போனேன். வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். ஒருநாள் அவள் இன்னும் முடிச்சைப் போடவில்லை என்று நிழலில் தெரிந்தது, கழுவிய குவளைகளையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். நான் தெரிந்தே நிற்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இடையில் ஆன்ட்டி என்பது அத்தை என்று மாறிவிட்டது. எந்தச் சனிக்கிழமை என்று நான் கவனிக்கவில்லை.

இடது காதுக்கு வரும் இடம் வந்தபோது என் கை கொஞ்சம் நின்றது. அவள் குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு முடிச்சு, யார் கேட்கப் போகிறார்கள்? பூசை முழுவதும் அவள் உன்னை மட்டுமே நினைத்துக்கொண்டு நிற்காமல், கொஞ்சம் என்னையும் நினைத்துக்கொண்டு நிற்பாள். என் மாமியாரின் மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது போய்விட்டது, பாவம் அந்த மனுஷி என்று தோன்றியது. நூலை முடிச்சில்லாமல் தையலுக்குள்ளேயே ஓடவிட்டுக் கத்தரித்தேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நெட்டுக்குப் பின்பக்கம் கிடையாது, முடிச்சுப் போட்டால் இரண்டு பக்கமும் தெரியும். அவளும் என்னைப் போலத் திருப்பிப் பார்க்கிற ஜாதி.

நெட் முடிந்துவிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் நீங்கள் கெலுகோரில் பார்த்திருக்கும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். "கெலுகோர் என்ன லண்டனா, நெனச்சா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்கிறார் அப்பா. அவருக்குத் தூரம் என்றால் ரோடு. நேற்று உன் அறையிலிருந்து சட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாய். நீ எதையும் மறந்துவிடாமல் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போயேன் என்று இருந்தது.

இனி புத்திமதி. ஒன்றுதான் இருக்கிறது. நீ சின்ன வயதில் என்னிடம் போதும் என்றாய், நான் கேட்கவில்லை, நீ சொல்வதை விட்டுவிட்டாய். சண்டை வேண்டாம் என்று நினைத்து உன் பக்கத்தை மட்டும் தளர்த்திக்கொள்ளப் பழகினாய். துணி பிழைத்தது. ஆனால் நான் எவ்வளவு இறுக்கி இழுக்கிறவள் என்று இந்த வயது வரை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. உன்னை வீட்டோடு பிடித்து வைத்ததிலும் எங்கெல்லாம் நான் இழுத்தேன், எங்கெல்லாம் நீ எனக்குத் தெரியாமல் அவிழ்த்துக் கட்டினாய் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். ஜெசிந்தாவிடம் அப்படிச் செய்யாதே. அவளும் இழுப்பாள், எல்லாப் பெண்டாட்டிகளும் இழுப்பார்கள், நீயும் இழுப்பாய். வலித்தால் போதும் என்று வாய்விட்டுச் சொல். அவள் கேட்காவிட்டால் மறுபடி சொல். அவள் அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து அவிழ்க்காதே.

ஆனால் முதலில் என்னிடம் சொல்லிப் பழகு. இதிலாவது அவளுக்கு முன்னால் நான் இருந்துவிட்டுப் போகிறேன். கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து இரண்டு பேரும் இங்கே வாருங்கள். ஏதாவது ஒரு துண்டுத் துணி எடுத்து வைக்கிறேன், கைக்குட்டைக்குக்கூட ஆகாததாக இருந்தாலும் பரவாயில்லை. நீ உன் இடத்தில் உட்கார். நான் இழுப்பேன். நீ போதும்மா என்று சொல். உனக்கென்னடா தெரியும் என்பேன், நீ விடாதே, மறுபடி சொல். நான் எழுந்து போகமாட்டேன், எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். டீயை அவள் போடட்டும்.

அம்மா